மெதுவானவையும் சிறியவையும் பிழைத்திருப்பது எப்படி? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் லால்பாகிலும் ஏரிக்கரைகளிலும் மேற்கொள்ளும் இயற்கை நடைகளில், பெரியவர்களும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். புலியைப் பற்றியும் யானையைப் பற்றியும் தமிழில் நிறையவே எழுதப்படுகிறது. மதில் சுவரில் ஊரும் நத்தையைப் பற்றியும் பாசிக்குள் வாழும் நுண்ணிய உயிரான நீர்க்கரடியைப் பற்றியும் படிக்கக் கிடைப்பது குறைவு என்பதால், சில விடைகளைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

வேகமும் வலிமையும் இல்லாத விலங்குகளை ஏனையவை எப்போதோ தின்று தீர்த்திருக்க வேண்டாமா?

பரிணாமத்தை ஓட்டப்பந்தயமாக எண்ணிக்கொள்வதால் எழும் ஐயம் இது. இயற்கைத் தேர்வில் வேகத்துக்கென்று தனி மதிப்பு ஏதும் கிடையாது. ஓர் உயிர் தன் சூழலில் பிழைத்திருந்து, குட்டி போட்டு, அக்குட்டிகளும் வளர்ந்து இனம் பெருக்குகின்றனவா என்பதே அங்கே கணக்கில் வருகிறது. வேகமாக ஓடப் பெரிய தசைகள் வேண்டும். அவற்றைப் பேண நிறையத் தீனி வேண்டும். தீனி தேடி அலைய வேண்டும். அலையும்போது எதிரியின் கண்ணில் படும் வாய்ப்பும் கூடும். உடலின் ஆற்றல் தேவையையே குறைத்துக்கொண்ட உயிரோ, பிற விலங்குகள் சீண்டாத சத்தற்ற இலையைத் தின்றும், சில வேளை மாதக்கணக்கில் எதையுமே தின்னாமலும் காலம் தள்ள முடியும். வேட்டையாடும் விலங்குகளும் பறவைகளும் பெரும்பாலும் அசைவைக் கொண்டே இரையைக் கண்டுகொள்கின்றன என்பதால், அசையாதிருப்பது பல சமயங்களில் ஓடுவதைவிட நல்ல பாதுகாப்பாகிறது. மெதுவான உயிர்கள் தம் குறையை ஏதோ ஒரு தந்திரத்தால் ஈடுகட்டிப் பிழைத்திருப்பதாக நான் கருதவில்லை. அந்த மெதுவே அவற்றின் பிழைப்பு வழி. அந்த வழி எங்கே செல்லுபடியாகும், எங்கே உடைந்துபோகும் என்பதைத்தான் கீழே உள்ள விடைகளில் சொல்ல முயல்கிறேன்.

மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் உண்மையிலேயே சோம்பேறியா?

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் ஸ்லாத்தைச் சோம்பலின் சின்னமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கூண்டில் வளர்க்கப்பட்ட ஸ்லாத்துகள் நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிப்பதைக் கண்டு எழுந்த எண்ணம் அது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பனாமாக் காட்டில் இயல்பாக வாழும் மூவிரல் ஸ்லாத்துகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, அவை நாளொன்றுக்குச் சராசரியாக 9.6 மணி நேரம்தான் உறங்குவது தெரியவந்தது.

அதன் மந்த நடைக்குக் காரணம் அதன் உணவு. காட்டு மரங்களின் முற்றிய இலைகளில் சத்து குறைவு, நார் அதிகம், நச்சுப் பொருள்களும் உண்டு. அந்த இலையைப் பல அறைகள் கொண்ட வயிற்றில் நுண்ணுயிர்களின் துணையோடு ஸ்லாத் செரிக்கிறது. உண்டது முழுவதும் செரித்து வெளியேற நாள்கள், சில வேளை வாரங்கள்கூட ஆகும். இவ்வளவு குறைந்த வரவை வைத்து வாழ வேண்டுமானால் செலவையும் அதற்கேற்பக் குறைத்தாக வேண்டும். ஸ்லாத்தின் உடலில் தசையின் அளவு அதே எடையுள்ள மற்றப் பாலூட்டிகளைவிடக் குறைவு. உடல் வெப்பத்தை ஒரே அளவில் காத்துக்கொள்ளவும் அது பெரிதாக முயல்வதில்லை. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதன் உடலும் ஓரளவு குளிர்கிறது, வெயில் ஏறினால் சூடாகிறது. மூவிரல் ஸ்லாத் ஒன்றின் அன்றாட ஆற்றல் செலவை அளந்த ஆய்வாளர்கள், அதுவரை அளக்கப்பட்ட பாலூட்டிகளில் மிகக் குறைவானது அதுவே என்று 2016இல் அறிவித்தார்கள்.

அதன் உரோமத்தில் பாசி வளர்கிறது. மழைக்காலத்தில் உடல் முழுதும் பச்சை படர்ந்து, இலைத்திரளுக்குள் கிட்டத்தட்டக் கரைந்தே போகும். மர உச்சியில் இரை தேடும் ஹார்ப்பி கழுகுக்கு அசையாத பச்சைத் திரள் ஒன்று எளிதில் புலப்படாது. அந்த உரோமத்தில் ஒருவகை அந்துப்பூச்சிகளும் குடியிருக்கின்றன. ஸ்லாத் வாரத்துக்கு ஒருமுறை அளவில் மலம் கழிக்கத் தரைக்கு இறங்கும்போது அவை அந்த மலத்தில் முட்டையிடுகின்றன. ஸ்லாத்தின் வாழ்வில் மிக ஆபத்தான நேரம் அதுதான். மரத்திலிருந்தே கழித்துவிடாமல் அது ஏன் இறங்குகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

யானை அளவுக்குப் பெரிதாக வளர்ந்த தரைவாழ் ஸ்லாத்துகளும் ஒரு காலத்தில் அமெரிக்கக் கண்டங்களில் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பேருருக்கள் எல்லாம் அழிந்துபோயின. எஞ்சியவை மரத்தில் தொங்கும் இந்தச் சிறிய, மெதுவான வகைகளே.

தேவாங்கும் ஸ்லாத்தும் ஒரே இனமா?

இல்லை. ஸ்லாத், அமெரிக்கக் கண்டங்களின் எறும்புதின்னிக்கும், கவசம் போர்த்த ஆர்மடில்லோவுக்கும் உறவு. தேவாங்கு நம்மையும் குரங்குகளையும் உள்ளடக்கிய முதனி வரிசையைச் சேர்ந்தது. உறவு தொலைவாக இருந்தும், இரண்டின் கைகால்களிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கற்றை கற்றையாகப் பிரிந்து ஓடும் ஒரே மாதிரியான அமைப்பு காணப்படுகிறது. நெடுநேரம் கிளையைப் பற்றிக்கொண்டிருக்க அது உதவுவதாகக் கருதப்படுகிறது. ஒரே வகை வாழ்க்கை, தனித்தனி வழிகளில் வந்த இரண்டு உயிர்களுக்கு ஒத்த உடலமைப்பைத் தந்திருக்கிறது.

பெங்களூர் நகருக்குள் தேவாங்கு இருக்கிறது என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். இந்திய அறிவியல் கழக வளாகத்திலும், ஜி.கே.வி.கே. எனப்படும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலும், மரங்கள் அடர்ந்த வேறு சில இடங்களிலும் தேவாங்குகள் பதிவாகியிருக்கின்றன. பொதுமக்களும் பங்கேற்ற கணக்கெடுப்புகள் இரவு நேரங்களில் நடந்துள்ளன. கன்னடத்தில் காடுபாப என்று அழைக்கப்படும் இந்த உயிர் கால் கிலோ அளவே எடையுள்ளது. இரவில் மட்டும் நடமாடும். பகலில் மூங்கில் புதர்களிலும் கொடிகள் பின்னிய கிளைகளிலும் ஒன்றையொன்று அணைத்தபடி உறங்கும்.

தேவாங்கின் உணவில் பெரும்பகுதி பூச்சிகள். கிளை அதிராமல் மிக மெல்ல நகர்ந்து, இரைக்கு அருகில் வந்ததும் இரு கைகளாலும் சட்டென்று பற்றிக்கொள்ளும். கிளை அதிர்ந்தால் பூச்சி உணர்ந்துகொள்ளும்; எதிரியும் உணர்ந்துகொள்ளும். கொட்டும் எறும்புகளையும், மற்ற விலங்குகள் தொடத் தயங்கும் நாற்றமுள்ள பூச்சிகளையும்கூட அது தின்னும். தன் சிறுநீரைக் கைகால்களில் பூசிக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. அந்தப் பூச்சிகளின் கடுப்பிலிருந்து தோலைக் காத்துக்கொள்ள அது உதவலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆபத்தை உணர்ந்தால் அப்படியே உறைந்து நின்றுவிடும். இருட்டில், அசையாத மெலிந்த உடலைக் கிளையிலிருந்து பிரித்தறிவது ஆந்தைக்கும் எளிதல்ல.

இந்த உத்திகள் அனைத்தும் ஒரு நிபந்தனையோடு பிணைந்தவை: மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொடுத்திருக்க வேண்டும். தேவாங்கு தாவுவதில்லை. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கைநீட்டிப் பற்றித்தான் கடக்கும். சாலையை அகலப்படுத்துவதற்காக வரிசையில் நான்கைந்து மரங்களை வெட்டினால், குரங்குக்கு அது ஒரு தாவல். தேவாங்குக்கோ பாதையே அறுந்துபோகிறது. அதன்பின் அது தரையில் இறங்கி நாய்களுக்கும் வண்டிகளுக்கும் இடையே கடக்க வேண்டும், அல்லது மின்கம்பியைக் கிளையென்று எண்ணிப் பிடித்து உயிரிழக்க வேண்டும். பெங்களூரில் மரம் வெட்டுவதைப் பற்றிய விவாதங்களில் வெட்டப்படும் மரங்களின் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறோம். எந்த மரம் எந்த மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதையும் அந்த விவாதங்களில் கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊர்ப்பக்கத்தில் தேவாங்கைச் சூனியத்துக்கும் மருந்துக்கும் பிடித்து வதைத்த கொடுமை நெடுங்காலம் இருந்தது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். தமிழ்நாடு அரசு 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே அமைந்த இந்தியாவின் முதல் சரணாலயம் அது.

தேவாங்கு கடித்தால் நஞ்சு ஏறுமா?

தென்னிந்தியத் தேவாங்குக்கு நஞ்சு இருப்பதாகத் தெரியவில்லை. வடகிழக்கு மாநிலங்களிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும், சற்றே பருத்த அதன் உறவினத்துக்கு உண்டு. மேற்கையின் உட்புறத்தில் சுரக்கும் எண்ணெய்ப் பொருளை நக்கி உமிழ்நீரோடு கலந்ததும் அது நஞ்சாகிறது. முதனிகளில் நஞ்சுள்ளவை அந்த வகை மட்டுமே.

கோடையில் ஒரு நத்தையையும் காணோம், முதல் மழைக்கு மதில் முழுதும் நத்தை. எங்கிருந்து வருகின்றன?

எங்கிருந்தும் வருவதில்லை, அங்கேயேதான் இருந்தன. நம் தோட்டங்களில் நாம் அதிகம் காணும் பெரிய பழுப்பு நத்தை ஆப்பிரிக்க நத்தை. 1847இல் மொரீஷியசிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. ஈரப்பதம் குறையத் தொடங்கியதும் அது மண்ணுக்கடியிலோ, கல்லிடுக்கிலோ, தொட்டியின் அடியிலோ ஒதுங்கி, ஓட்டுக்குள் உடலை இழுத்துக்கொண்டு, வாயிலைச் சளியாலான ஒரு சவ்வால் மூடிவிடுகிறது. சளி உலர்ந்து கெட்டியானதும் உள்ளே இருக்கும் நீர் வெளியேறுவது வெகுவாகக் குறைகிறது. மூச்சும் இதயத் துடிப்பும் தணிந்து, மாதக்கணக்கில் உணவின்றி அப்படியே கிடக்கும். மழை ஈரம் பட்டதும் சவ்வை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. ஒவ்வொரு நத்தையும் ஆணுமாய்ப் பெண்ணுமாய் இருப்பதாலும், ஒரே ஈட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடக்கூடும் என்பதாலும், ஒரு பருவத்திலேயே தோட்டம் நிறைந்துவிடுகிறது.

ஊர்ந்து செல்லச் சளி வேண்டும். அந்தச் சளியை உண்டாக்குவதே நத்தையின் பெரிய செலவு. கடலோரப் பாறைகளில் வாழும் ஒருவகை நத்தை, தனக்கு முன்னே சென்ற நத்தையின் சளித் தடத்தின் மேலேயே ஊர்ந்து, தான் புதிதாகச் சுரக்க வேண்டிய சளியை மிச்சப்படுத்துகிறது என்று ஆய்வில் தெரியவந்துள்ளது.

ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொட வேண்டாம். எலிகளின் நுரையீரலைத் தாக்கும் ஒருவகைப் புழு அதன் உடலில் இருக்கக்கூடும். அது மனிதருக்குள் சென்றால் மூளை உறை அழற்சி வரலாம். கையுறை அணிந்து பொறுக்கி அகற்றுவதே நல்லது. உப்பைக் கொட்டினால் நத்தையோடு தோட்ட மண்ணும் கெடும்.

விலங்குகள் தாமாக யோசித்து இப்படியெல்லாம் மாறிக்கொண்டனவா?

பிள்ளைகள் இதைக் கேட்காத நடையே கிடையாது. மிக அவசியமான கேள்வியும் இதுதான். விடையை ஒரு நத்தைக் கதையின் மூலம் சொல்கிறேன்.

உலகின் பெரும்பாலான நத்தைகளின் ஓடு வலப்பக்கமாகச் சுருளும். அரிதாக, ஒரே ஒரு மரபணுவில் நேரும் மாற்றத்தால் இடப்பக்கம் சுருண்ட நத்தை பிறக்கும். உடலமைப்பு இடம் வலம் மாறியிருப்பதால் மற்ற நத்தைகளோடு இணைவது அதற்குப் பெரும்பாடு. ஆகவே பெரும்பாலான இடங்களில் அத்தகைய நத்தைகளின் வழி பெருகுவதில்லை. ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் நத்தைகளையே தின்று வாழும் பாம்பு ஒன்று இருக்கிறது. ஓட்டுக்குள்ளிருந்து நத்தையின் உடலை உருவியெடுக்க அது தன் கீழ்த்தாடையைப் பயன்படுத்துகிறது. அத்தாடையின் வலப்பக்கத்தில் இடப்பக்கத்தைவிடப் பற்கள் அதிகம். வலப்பக்கம் சுருண்ட நத்தைகளைத் தின்பதற்கென்றே அமைந்துபோன தாடை அது. அந்தத் தாடையில் இடச்சுருள் நத்தை சரியாகச் சிக்குவதில்லை. 2010இல் வெளியான ஆய்வில், இப்பாம்புக்குக் கொடுக்கப்பட்ட இடச்சுருள் நத்தைகளில் பெரும்பாலானவை உயிர்தப்பின. அதுமட்டுமன்றி, இவ்வகைப் பாம்புகள் வாழும் நிலப்பகுதிகளில் இடச்சுருள் நத்தையினங்கள் அதிகமாகத் தோன்றியிருப்பதையும் அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள்.

எந்த நத்தையும் பாம்பை நினைத்துத் தன் ஓட்டைத் திருப்பிக்கொள்ளவில்லை. தற்செயலாகப் பிறந்த ஒரு மாற்றம், பாம்பு இல்லாத ஊரில் சுமையாகவும், பாம்பு இருக்கும் ஊரில் உயிர்காப்பாகவும் அமைந்தது. தப்பிப் பிழைத்தவற்றின் பிள்ளைகள் அந்த மாற்றத்தைத் தொடர்ந்து ஏந்தி வந்தன. இதே முறையில்தான் தேவாங்கின் மெல்லடியும் ஸ்லாத்தின் குறைந்த பசியும் பற்பல தலைமுறைகளின் ஊடாக வந்து சேர்ந்தன.

நத்தை வேட்டையாடுமா?

வேட்டையாடும். கடலில் வாழும் கூம்பு நத்தைகள், ஈட்டியாக மாறிய ஒரு பல்லை இரையின் மேல் எய்து நஞ்சைச் செலுத்துகின்றன. சில வகைகள் மீனையே பிடித்து விழுங்குகின்றன. அவற்றுள் ஒரு வகை, மீனின் உடலில் சர்க்கரை அளவைச் சரியச் செய்யும் இன்சுலினைத் தன் நஞ்சில் கலந்து நீரில் விடுகிறது என்று 2015இல் கண்டறியப்பட்டது. மீன் தளர்ந்து, நீந்த வலுவின்றி நிற்கும்போது நத்தை மெதுவாக அணுகி விழுங்கிவிடுகிறது. இன்னொரு வகையின் நஞ்சிலிருந்து உருவான சிகோனோடைடு என்ற வலிநீக்கி மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மன்னார் வளைகுடாவிலும் கூம்பு நத்தைகள் உண்டு. இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் விடுமுறைக்குச் செல்பவர்கள், அழகாக இருக்கிறதே என்று உயிருள்ள கூம்புச் சங்கைக் கையில் எடுக்கக் கூடாது, மனிதர்கள் இறந்ததுண்டு.

இரை வேகமானது, வேட்டையாடுவது மெதுவானது. பச்சோந்தி எப்படிப் பிழைக்கிறது?

இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒரே வகைதான். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் புதர்க்காடுகளில் காணலாம். வேலியில் ஓடும் ஓணான் வேறு, இது வேறு. பச்சோந்தியின் உடல் மெதுவானது. நாக்கு மட்டும் அதற்கு விலக்கு. நாக்கின் நடுவே உள்ள எலும்பைச் சுற்றி மீள்தன்மையுள்ள உறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தசை அவற்றை முன்கூட்டியே அழுத்தி நீட்டி வைக்கிறது. விடுபடும் கணத்தில், வளைத்த வில் நாணை விடுவதைப்போல, சேர்த்துவைத்த ஆற்றல் அனைத்தும் ஒரே வீச்சில் வெளிப்படுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஊர்வனவற்றின் உடல் குளிர்ந்தால் தசை வேகம் குன்றும். ஆனால் நீட்டிவைத்த உறை சுருங்கும் வேகத்தைக் குளிர் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. 15 டிகிரி செல்சியசிலும் பச்சோந்தியின் நாக்கு ஏறக்குறைய முழு வேகத்தோடு பாய்வதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. மற்றப் பல்லிகள் வெயிலுக்காகக் காத்திருக்கும் காலைப் பொழுதிலேயே அது இரை பிடிக்கத் தொடங்கிவிடலாம்.

கடற்குதிரையும் இந்த வரிசையில் வருவது. மீன்களிலேயே மிக மெதுவானது எனப்படும் குட்டைக் கடற்குதிரை மணிக்கு ஒன்றரை மீட்டர் தொலைவே நகரும். அது தின்னும் கோப்பிபாடு என்ற நுண்ணிய கணுக்காலியோ, நீரில் சிறு சலனத்தை உணர்ந்த சில மில்லிநொடிகளுக்குள் பாய்ந்தோடிவிடும். கடற்குதிரையின் நீண்ட முகத்தின் வடிவம், மூக்குநுனிக்கு மேலே உள்ள நீர் அலுங்காதபடி அமைந்திருக்கிறது என்று 2013இல் கண்டறிந்தார்கள். இரை உணரும் முன்பே முகம் அதை நெருங்கிவிடுகிறது. அதன்பின் தலை ஒரு சொடுக்கில் மேலெழ, இரை வாய்க்குள் போய்விடுகிறது. அசைவற்ற நீரில் அதன் முயற்சிகளில் பத்துக்கு ஒன்பது பலித்தன.

ஆமையின் ஓடு பாதுகாப்புக்காகத்தானே உருவானது?

இன்று அது பாதுகாப்பு; தொடக்கத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆமையின் ஓடு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கவசம் அன்று, அதன் விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று இணைந்து உருவானது. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகள் பழமையான, ஆமைகளின் தொல் உறவாகக் கருதப்படும் ஒரு புதைபடிவ உயிருக்கு ஓடு இல்லை, அகன்ற விலா எலும்புகள் மட்டும் இருந்தன. விலா அகன்றால் மூச்சு விடுவதும் ஓடுவதும் சிரமம். எதிரியிடமிருந்து முழுப் பாதுகாப்பும் கிடைக்காது. அந்த உயிர் மண்ணைத் தோண்டி வாழ்ந்தது, தோண்டும்போது உடலை நிலையாக ஊன்றிக்கொள்ள அகன்ற விலாக்கள் உதவின என்று 2016இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சீனாவில் கிடைத்த சுமார் 22 கோடி ஆண்டு பழைய மற்றொரு ஆமைக்கு வயிற்றுப் பக்கத்தில் மட்டுமே முழுமையான ஓடு இருந்தது. ஒரு தேவைக்காக வந்த உறுப்பு வேறொரு தேவைக்குப் பயன்பட்டு வளர்வது பரிணாமத்தில் வழக்கமான ஒன்று.

நம் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையின் மேடான ஓட்டுக்கு ஒரு கணிதச் சிறப்பும் உண்டு. எப்படிக் கவிழ்த்து வைத்தாலும் தானாகவே உருண்டு ஒரே நிலையில் வந்து நிற்கும் சீரான பருப்பொருள் ஒன்றை ஹங்கேரிய அறிஞர்களான கபோர் டொமோகோசும் பீட்டர் வார்கோனியும் 2006இல் உருவாக்கினார்கள். பின்னர் ஆமைகளின் ஓடுகளை அளந்து பார்த்தபோது, நட்சத்திர ஆமையின் ஓடு அந்த வடிவத்துக்கு மிக நெருங்கி இருந்தது. கவிழ்ந்து கிடக்கும் குட்டைக் கால் ஆமை, காலை உதைத்துப் போராடாமல் ஓட்டின் வடிவத்தாலேயே பெரும்பாலும் நிமிர்ந்துவிடுகிறது.

இதே ஆமைதான் கடத்தலில் பெருமளவில் சிக்குகிறது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒருபக்கம் அஞ்சுகிறோம். அதிர்ஷ்டம் தரும் என்று மறுபக்கம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டுமே ஆமைக்குத்தான் கேடு. நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். 2019 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை உண்டு.

நீர்க்கரடிக்குச் சாவே இல்லை என்பது உண்மையா?

உண்மையில்லை. எட்டுக் கால்களும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உடலும் கொண்ட இந்த உயிர், ஈரத்தில் இயங்கும்போது பெரும்பாலும் சில மாதங்களே வாழும். அதன் வியப்பெல்லாம் உலர்ந்துபோவதில் இருக்கிறது. பாசி காயத் தொடங்கினால் அது கால்களை உள்ளிழுத்து, உருண்டையாகச் சுருங்கி, உடலில் உள்ள நீரில் ஏறக்குறைய முழுவதையும் இழந்துவிடுகிறது. செல்களுக்குள் சிறப்புப் புரதங்கள் கூழ்போல் இறுகி உறுப்புகளைச் சிதையாமல் தாங்குகின்றன. அந்த நிலையில் உயிரியக்கம் அளக்க முடியாத அளவுக்குத் தணிகிறது. கடுங்குளிரையும் கதிர்வீச்சையும் வெற்றிடத்தையும்கூட அது தாங்குகிறது. 1983இல் அண்டார்க்டிகாவில் எடுத்து உறையவைத்த பாசியிலிருந்து, முப்பது ஆண்டுகளுக்குப் பின் நீர்க்கரடிகள் மீண்டெழுந்து முட்டையும் இட்டன. 2007இல் விண்வெளியின் வெட்டவெளிக்கு அனுப்பப்பட்டவற்றுள் சில உயிரோடு திரும்பின.

பெங்களூருக்கு இதில் தனிப் பங்கு உண்டு. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் ஒரு சிமெண்ட் சுவரின் பாசியிலிருந்து எடுத்த நீர்க்கரடியை, சந்தீப் ஈஸ்வரப்பாவின் ஆய்வுக்குழு நுண்ணுயிர்க்கொல்லிப் புறஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தது. வேறொரு வகை நீர்க்கரடியைக் கொன்றுவிடும் அந்த ஒளியை இது தாங்கி நின்றது. அதன் தோலுக்கடியில் உள்ள ஒளிரும் பொருள் தீங்கான புறஊதாக் கதிரை உறிஞ்சி, தீங்கற்ற நீல ஒளியாக வெளிவிடுகிறது. அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, கதிரைத் தாங்கும் வலிமையற்ற இன்னொரு நீர்க்கரடியின் மேல் பூசியபோது அதற்கும் ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. 2020இல் வெளியான அந்த ஆய்வில் இந்த வகைக்கு நம் நகரின் பெயரைக் குறிக்கும் பி.எல்.ஆர். என்ற அடையாளம் இடப்பட்டுள்ளது. தென்னிந்தியாவின் கோடை வெயிலில் காய்ந்த சுவரில் வாழும் உயிருக்கு இத்தகைய போர்வை வாய்த்தது பொருத்தமே.

உடல் சிறியதாக இருப்பது நன்மையா, தீமையா?

இரண்டும் உண்டு. எறும்பு எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடுவதில்லை. அதன் எடையோடு ஒப்பிடக் காற்றின் தடை அதற்குப் பெரிது. அதே எறும்புக்கு ஒரு துளி நீரின் மேற்பரப்பிலிருந்து விடுபடுவது உயிர்ப் போராட்டம்.

சூடான இரத்தம் உள்ள சிறிய உயிருக்கு வேறு தொல்லை. உடல் சிறுத்தால் பரும அளவோடு ஒப்பிடப் பரப்பு மிகும். வெப்பம் ஓயாமல் கசியும். இரண்டு கிராம் எடைகூட எட்டாத எட்ருஸ்கன் மூஞ்சூறு, இந்தியாவிலும் வாழும் இனம், நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் துடிக்கும் இதயத்தோடு, நாளொன்றுக்குத் தன் எடையைவிட அதிகமாகத் தின்றாக வேண்டும். ஐரோப்பாவின் பொது மூஞ்சூறு பனிக்காலத்தில் இன்னும் துணிந்த ஒன்றைச் செய்கிறது: மூளையோடு சேர்ந்து அதன் மண்டை ஓடே சுமார் 15 விழுக்காடு சுருங்கி, வசந்தத்தில் மீண்டும் ஓரளவு வளர்கிறது. மூளை அதிக ஆற்றல் கேட்கும் உறுப்பு என்பதால், இரை அருகிய காலத்தில் அதையே சுருக்கிக்கொள்கிறது. தென்னிந்தியாவின் குதிக்கும் எறும்பிலும் இதற்கு இணையான மாற்றம் உண்டு. ராணி இறந்தபின் முட்டையிடும் பொறுப்பை ஏற்கும் வேலைக்கார எறும்பின் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதை மீண்டும் வேலைக்காரியாக மாறும் நிலைக்குத் தள்ளினால் மூளை பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. 2021இல் இது வெளியானது.

லால்பாகில் மாமரத்தில் எறும்புகளோடு எறும்பாக ஒரு சிலந்தி இருந்ததே, அது என்ன?

எறும்பு உருவம் கொண்ட தாவும் சிலந்தி. மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பைப் பறவைகளும் பிற சிலந்திகளும் அஞ்சி விலக்குகின்றன. அந்த அச்சத்தின் நிழலில் இது வாழ்கிறது. முன்னங்கால்கள் இரண்டையும் உணர்கொம்புகளாகத் தூக்கிப் பிடித்து ஆறு காலில் நடக்கும். ஆண் சிலந்தியின் நீண்ட தாடைகளைப் பார்த்தால் இன்னொரு எறும்பைக் கவ்விச் செல்லும் எறும்பென்றே தோன்றும்.

நகரம் வளர்ந்துகொண்டே போகிறது. இவையும் அதற்கேற்ப மாறிக்கொள்ளாதா?

சில மாறும், சில மாறாது. தலைமுறை விரைவாகப் பெருகும் உயிர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்க நத்தை நகரத்தால் கொழிப்பதைக் கண்ணாரக் காண்கிறோம். தேவாங்கோ ஐந்து மாதத்துக்கும் மேல் சுமந்து ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனுகிறது. நட்சத்திர ஆமை முட்டையிடும் பருவத்தை எட்டவே பல ஆண்டுகள் ஆகும். மெதுவாக வாழும் உயிர் மெதுவாகவே பெருகுகிறது. பத்தாண்டுகளில் அகன்றுவிடும் சாலைக்கு ஈடுகொடுக்கும் மாற்றம் அத்தனை விரைவில் அதற்கு வந்து சேராது.

நகர விளிம்பில் என்னென்ன இருக்கின்றன என்பதையே நாம் இன்னும் முழுமையாக அறியவில்லை. மண்ணுக்குள் புதைந்து வறட்சியைக் கடக்கும் ஒரு தவளை, பெங்களூரின் புறநகரிலிருந்து புதிய இனமாக 2020இல்தான் விவரிக்கப்பட்டு, இந்நகரின் பெயரையே பெற்றது. கட்டடம் எழக் காத்திருக்கும் காலி மனைகளைப் பயனற்ற நிலம் என்று சொல்வதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் தெருவில் தேவாங்கைக் கண்டால் வெள்ளை ஒளி விளக்கை அதன் கண்ணில் அடிக்காதீர்கள். இடத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிடாதீர்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

நீர்க்கரடியை நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். மதில் சுவரிலோ மரப்பட்டையிலோ வளர்ந்திருக்கும் பாசியில் கட்டைவிரல் நகம் அளவு எடுத்து, ஒரு சிறு கிண்ணத்தில் சுத்தமான நீரூற்றிச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு பாசியை மெல்லப் பிழிந்து, அடியில் தங்கும் நீரைப் பள்ளி மாணவர்களின் நுண்ணோக்கியில் 40 மடங்கு பெருக்கிப் பாருங்கள். முதல் பாசியில் கிடைக்காவிட்டால் வேறோர் இடத்துப் பாசியைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் பாசியை நிழலில் மெதுவாக உலரவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். வெயிலில் வைத்துச் சட்டென்று காயவிடக் கூடாது. உடலைச் சுருக்கிப் புரதங்களை ஆயத்தப்படுத்திக்கொள்ள நீர்க்கரடிக்கு நேரம் வேண்டும்.